தக்காளிச் செடியில் அரக்கு முடிச்சு

மோசமான முடிச்சைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டிய கயிறாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் சிமெண்ட் மூட்டையைக் கட்டிய கயிறாக இருந்தாலும் சரி, அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுத்தான் நகர்வேன். முப்பது வருஷமாகக் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன் நான். தறியில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் அதைத் தேடிப் பிடித்து, முடிந்த இடம் தெரியாமல் முடிய வேண்டும். முடிச்சு வெளியே தெரிந்தால் எங்கள் தொழிலில் அது தலைகுனிவு. இந்தக் குணத்தால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. ஒருமுறை சம்பந்தி வீட்டுப் பந்தல் கயிற்றிலேயே கைவைத்துவிட்டேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த தப்பை ஒரு நெசவுக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. அதில் ஒன்று கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருந்தால், இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு திரும்பும். அதற்குப் பெயர்தான் கோர்வை. குறுக்கிழையைச் சுமந்து போகிற நாடா மூன்று வேண்டும், ஓட்ட இரண்டு ஆள் வேண்டும். உடலும் வலக்கரையும் என்னுடையது. இடக்கரை என் மனைவியுடையது. இருபத்திரண்டு வருஷம் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் அந்த நாடாவை ஓட்டினாள். தறியில் உட்கார்ந்தால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டிய தேவை இருந்ததில்லை.

போன சித்திரையில் ஒரு மதியம் அவள் கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. "கவனம் எங்க இருக்குது?" என்றேன். எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. நான் சத்தம் போட்டேன். மூன்றாவது முறை அவள் எடுக்கவே இல்லை. தன் இடது கையை, அது யாருடைய கை என்று தெரியாதவள் மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதை அப்புறம்தான் கவனித்தேன். அன்று போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, கால் மெதுவாகத் திரும்பியது. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தாள். கைதான் வரவில்லை. பயிற்சி செய்தால் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார் டாக்டர். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "பந்து வெச்சி வெளாட நான் இன்னா கைக்கொழந்தையா?" என்று கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

தறியில் பாதி நெய்த சேலை நின்றிருந்தது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. வேறு ஆளைப் போட்டு முடித்துக் கொடுங்கள் என்று பட்டுக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நின்னது நிக்கட்டும்பா, வேற ஆளு யாரும் அங்க குந்த மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பினேன். சேலையின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, பக்கத்துத் தறியில் ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய சேலைகளை நெய்ய ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "இந்தக் கை நாடா புடிக்கலன்னா, அப்பால இந்த வூட்ல நான் எங்க குந்தறது?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் உட்கார்ந்த இடம் புழக்கடை வாசல். குளியலறை கட்டியபோது மிஞ்சிய உடைசெங்கல், உடைந்த டைல்ஸ், சமையலறைத் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு குட்டை, அதில் கொசு. இதுதான் எங்கள் புழக்கடை. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். முசரவாக்கத்திலிருந்து மொபெட்டில் கீரை கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. சின்ன வயதில் ஊரார் நிலத்தில் களை எடுத்தவள். இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்துக் கீரை போடுகிறாள். யாருக்கும் பயந்து பேசமாட்டாள். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாமா, எந்நேரமும் குப்பையவே பாத்துக்கினு இருக்கற? நாலு வெதை போடு, பாக்கறதுக்கு இன்னாவாவது இருக்கும்" என்றாள். மறுநாள் பேப்பரில் மடித்து விதை கொண்டுவந்து என் மனைவியின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான், பல வாரங்களுக்குப் பிறகு, அவள் தானாக என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இந்தக் கல்லெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிக் குடுக்கறீங்களா?"

கொடுக்காமல் இருப்பேனா? அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதே எனக்கு. சேலைக்கு டிசைன் போடும் கட்டம் போட்ட தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் கரை: துலுக்கச் சாமந்தி. நடுவில் உடல்: ஒரு சதுரம் முழுக்கத் தக்காளி, ஒரு சதுரம் முழுக்கக் கத்தரி, ஒரு சதுரம் முழுக்கக் காராமணி. மேற்கு ஓரம் முந்தானை: மக்காச்சோளம். கோடு பிசகாமல் போட்ட டிசைன். பெருமையாகக் கீரைக்காரம்மாவிடம் காட்டினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ண்ணா, இது பொடவ ண்ணா. தோட்டம் இல்ல. ஒரே செடிய ஒரே எடத்துல வெச்சா பூச்சிக்குப் பந்தி வெச்ச மாரி. எல எலையா போட்டு நீயே கூப்புட்டு ஒக்கார வெக்கற."

"அப்ப எப்டி வெக்கறது?"

"ஒண்ணுக்கு ஒண்ணு தொணையா வை. தக்காளி நடுவுல சாமந்தி. கத்தரி பக்கத்துல வெங்காயம். சோளம் ஒசரமா நிக்கும், அது மேல காராமணிய ஏத்து. கீழ பூசணி வுடு, அது மண்ணு காயாம பாத்துக்கும். மூலைக்கு ஒரு ஆமணக்கு நடு, புழு மொதல்ல அதுக்குத்தான் போவும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எல்லாவற்றையும் கலந்து கொட்டுவதற்கு டிசைன் எதற்கு? ஆனால் என் மனைவி அந்த அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு பக்கம் நின்றால் ஆண் பேசாமல் கடப்பாரையை எடுப்பதுதான் மரியாதை.

எதை எங்கே நடுவது என்பதை அவர்களிடம் விட்டுவிட்டாலும், இடத்தை அமைப்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாலோ பிளாக் கல்லால் மூன்று பாத்தி கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வழி, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுச்செடி கைக்கு எட்டும் அகலம். உயரத்துக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். தறியில் அவள் உட்காரும் பலகையை ரகசியமாக அளந்து, தறிக்குழியில் கால் தொங்கும் ஆழம் அப்படியே வரும்படி பாத்திச் சுவரைக் கட்டினேன். உடைசெங்கலையும் டைல்ஸையும் மணலில் பதித்து, கம்பு வழுக்காத நடைபாதை போட்டேன். பாதை ஓரமாகச் சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் குறுக்குக்கம்பு கட்டினேன். அவளுக்கு அது கைப்பிடி, மேலே பீர்க்கங்கொடிக்கு அதுவே பந்தல்கால். குட்டையை வெட்டிவிட்டு, சமையலறைத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கல்வாழைக்கும் சேம்புக்கும் விட்டு, மிச்சத்தை வாழைக்குப் போகவைத்தேன். பத்து நாளில் கொசு போனது. அந்தக் கண்றாவியான இடம் இவ்வளவு அழகாக மாறும் என்று நானே நினைக்கவில்லை.

ஆடிப்பட்டத்தில் விதை போட்டாள். வலது கையால்தான். இடது கை மடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐம்பது வயதுவரை காய்கறியைக் கூறுகட்டி விற்கும் இடத்தில் மட்டுமே பார்த்தவன் நான். விதை போட்ட நாலாம் நாள் காராமணி மண்ணை முட்டிக்கொண்டு குனிந்த தலையோடு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் நிமிர்ந்து இரண்டு இலையைத் திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் காபி ஆறிப்போனது.

பிறகு கொடி வீச ஆரம்பித்தது. இங்கேதான் என் கை அரிப்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. காலையில் ஆறு மணிக்கு எழுந்து பின்பக்கம் போனால், காராமணிக் கொடிகள் சோளத்தண்டில் தாறுமாறாகச் சிக்கிக்கொண்டு கிடக்கும். சிக்கு என்றால் எனக்கு ஆகாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் சிக்கு விழுந்தால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். ஒவ்வொரு கொடியாகப் பொறுமையாகப் பிரித்து, நேராக நீவி, கம்பில் சாய்த்து வைத்துவிட்டு வருவேன். முன்வரிசை முழுக்க இப்படி ஒரு வாரம் வேலை பார்த்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்தி வேறு.

முன்வரிசைக் காராமணி வாடிக் காய்ந்தது. கீரைக்காரம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏறிக்கினு இருக்கறத எறக்கி வுட்டியா? ஒன்ன யாரு ண்ணா தலவாரி வுடச் சொன்னது?" என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

காய்ந்த செடிகளைப் பிடுங்கினேன். வேரில் கடுகு கடுகாக ஏதோ ஒட்டியிருந்தது. நோய் என்று நினைத்து நகத்தால் கிள்ளி எடுக்க ஆரம்பித்தேன்.

"அதையும் அவுக்கறியா? அது வேர்முடிச்சு. காத்துல இருக்கற சத்த புடிச்சி அதுலதான் வெச்சிக்கினு இருக்கும். வேர அப்டியே மண்ணுல வுடு, பக்கத்துச் செடிக்கும் ஒதவும்" என்றாள் அந்த அம்மா.

வேர்முடிச்சு! மண்ணுக்கடியில் யார் கண்ணிலும் படாமல் முடிச்சு போட்டுக்கொண்டு, அதிலேயே உரம் செய்து, பக்கத்தில் நிற்கும் சோளத்துக்கும் விட்டுவிட்டுப் போகிற செடி. முப்பது வருஷம் முடிச்சோடு வாழ்ந்த எனக்கு இப்படி ஒரு முடிச்சு இருப்பது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. கிள்ளியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? வேரை மண்ணுக்குள் வைத்து மூடினேன். உண்மையில் அப்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அன்றிலிருந்து பின்வரிசைக் கொடிகளைத் தொடாமல் பார்க்கப் பழகினேன். பார்க்கப் பார்க்க ஆச்சரியம் அடங்கவில்லை. எல்லாக் காராமணியும் ஒரே பக்கமாகத்தான் சுற்றின. பட்டு இழையில் வலமுறுக்கு, இடமுறுக்கு என்று உண்டு. என் விரலுக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஒரு கொடியின் நுனியை வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாகச் சுற்றிவைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அது நான் சுற்றியதை உதறிவிட்டுத் தன் பக்கமாகவே ஒரு சுற்று போட்டிருந்தது. கண் கிடையாது, யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது.

பீர்க்கங்கொடி அதையும் மிஞ்சியது. அது கொடியாலேயே சுற்றுவதில்லை. மயிர்போல ஒரு பற்றுக்கம்பியை நீட்டி, குறுக்குக்கம்பைத் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு ஸ்பிரிங் மாதிரி தன்னையே சுருட்டிக் கொடியை அருகில் இழுக்கிறது. உற்றுப் பார்த்தேன். பாதித்தூரம் ஒரு பக்கமாகவும், நடுவில் ஒரு திருப்பம் வைத்து, மீதித்தூரம் எதிர்ப்பக்கமாகவும் சுருண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு பட்டு இழையை எடுத்து இரண்டு முனையையும் கட்டிவிட்டு நடுவில் பிடித்து முறுக்கினேன். அதேதான். இரண்டு பக்கமும் கட்டுப்பட்ட இழை ஒரே பக்கமாக முறுக்கு வாங்காது. அது தறிக்காரனுக்குத் தெரிந்த விஷயம். பீர்க்கங்கொடிக்கும் தெரிந்திருக்கிறது. நாடாவை வைத்துவிட்டு அந்தக் காலை முழுக்க நான் நெய்யவில்லை.

காராமணியில் அசுவினிப் பூச்சி கூட்டமாக வந்து அப்பியபோது மருந்து வாங்கக் கிளம்பினேன். "ஒரு வாரம் சும்மா இருங்க, அந்தம்மா சொல்லிக்கீறாங்க" என்று மனைவி தடுத்தாள். அஞ்சாம் நாள் சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொரிவண்டுகள் எங்கிருந்தோ வந்து இறங்கின. இரண்டு நாளில் அசுவினி போன இடம் தெரியவில்லை. எங்கள் தெருவில் மரமே கிடையாது. இரண்டு பக்கமும் தறி வீடுகள். அவற்றுக்கு யார் தாக்கல் சொல்லி அனுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என் கை அடங்கவில்லை. தக்காளிக்கு ஏறத் தெரியாது. வளர வளரக் கம்போடு கட்டிவிட வேண்டும். பாத்தி ஓரத்தில் ஒரு டப்பா நிறைய அரக்குநிறத் துண்டு இழை வைத்திருந்தேன். தறியில் மிஞ்சுவது. பத்துப் பதினைந்து இழையைச் சேர்த்துத் திரித்தால் தண்டை அறுக்காத மெத்தென்ற கயிறு. காலையில் போனால் புதிதாக இரண்டு மூன்று செடிகள் கட்டியிருக்கும். கட்டா அது? தொட்டால் அவிழும். ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை, நடுவில் ஒரு கண் திறந்துகொண்டு நிற்கும். கீரைக்காரம்மாவின் கைவேலை என்று முடிவு கட்டிவிட்டேன். ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஒழுங்கான முடிச்சாகப் போட்டுவிட்டு, காபி குடிக்கும்போது மனைவியிடம் புலம்புவேன்.

"செடிய பத்தி அவ்ளோ பேசறாங்க அந்தம்மா. ஒரு முடிச்சு போடத் தெரியல."

அவள் டம்ளருக்குள் சிரித்துக்கொள்வாள். "எல்லாருக்கும் ஒங்க கை வருமா?" என்பாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், ஐந்தரை மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. வழக்கமாக விளக்குப் போட்டுக்கொண்டு ஏழு மணிவரை தறியில் இருப்பேன். அன்று எழுந்து பின்பக்கம் வந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தறியில் உட்காரும் அதே உட்காரல். வலது கை தக்காளித் தண்டைக் கம்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நூலின் ஒரு முனை பல்லில். மறு முனையை இடது கை, அந்த இடது கை, கம்பைச் சுற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

கட்டைவிரல் நகர்ந்தது. ஆள்காட்டி விரல் மடங்க மறுத்தது. நூல் நழுவியது. மறுபடி எடுத்தாள். மறுபடி நழுவியது. எனக்கு ஒரு விநாடி ஆகிற காரியம். எத்தனை தடவை நழுவியது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கழுத்தில் வேர்வை ஓடியது அவளுக்கு. கடைசியில் ஒரு கண் விழுந்தது, அதற்குள் முனையை நுழைத்தாள், பல்லால் இழுத்தாள். முடிச்சு விழுந்தது. ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. அதை இடது கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

தினமும் காலையில் எழுந்து, ஒவ்வொன்றாக, திட்டிக்கொண்டே நான் அவிழ்த்துப் போட்டதெல்லாம் இதுதானா?

"நீயா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "வேற யாரு, பூதமா?"

"ஏம்மா சொல்லல? ஒண்ணரை மாசமா நான் அவுத்துக்கினு இருக்கறேனே!"

"அவுக்கணும்னுதான வெச்சேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

எனக்குப் புரியவில்லை. அவள் நூலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மொத நாளு நீங்க தொட்டதும் அவுந்துடுச்சு. நான் சமையக்கட்டு சன்னல்லேர்ந்து பாத்துக்கினு இருந்தேன். அழுகையா வந்துச்சு. அப்பால ஒரு நாளு இழுத்துதான் அவுத்தீங்க. போன வாரம் ரெண்டு கையும் போட்டீங்க. முந்தாநேத்து நகத்தப் போட்டு நோண்டினீங்க. டாக்டரு பந்த அமுக்கச் சொல்லிட்டு பரவால்லம்மான்றாரு. அதுல எனக்கு இன்னா தெரியுது? எம்முடிச்சு ஒங்க கைக்கு எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாத்தாதான் எனக்குத் தெரியும்."

நான் அவள் பக்கத்தில் பாத்திச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. கொடியையும் வண்டையும் பார்த்து வாய்பிளந்து நின்றவன், என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த இதைப் பார்க்கவில்லை. நான் அவிழ்க்க அவிழ்க்க அவள் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இனிமே தொடமாட்டேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாக் கீது கதை. நாளைக்கும் அவுருங்க. நல்லா அவுருங்க. பாவம் பாத்து வுட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும், ஆமா."

அப்படித்தான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை ஆரம்பித்தது. தினமும் காலையில் போய், என் மனைவி முந்தின சாயங்காலம் வேர்வை சிந்திக் கட்டிய முடிச்சை நேர்மையாக அவிழ்க்க வேண்டும். விட்டுக்கொடுக்கக் கூடாது. சன்னலில் இரண்டு கண். ஒரு நாள் மனசு கேட்காமல், அவிழ்க்க முடியாதவன் மாதிரி கொஞ்சம் நடித்துப் பார்த்தேன். "நடிக்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மழையோடு பேய்க்காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால், நான் சிக்கெடுத்துக் காராமணியை இழந்த முன்வரிசைச் சோளம் அத்தனையும் மண்ணில் படுத்துக் கிடந்தது. கொடி சுற்றிய பின்வரிசை சாய்ந்திருந்தது, ஆனால் விழவில்லை. ஒவ்வொரு தண்டையும் அடுத்த தண்டோடு கொடி பிடித்து வைத்திருந்தது. கீழே பூசணி இலைகள் மண்ணைக் கரையவிடாமல் மூடிக் கிடந்தன. கீரைக்காரம்மா கதிரை உடைத்து மடியில் போட்டுக்கொண்டே, "பாத்தியா ண்ணா, எது சிக்கு, எது புடிப்புன்னு?" என்றாள். அவளுக்கும் ஒரு கூடை கொடுத்தனுப்பினோம்.

கார்த்திகை முழுக்க மழை. மழை விட்ட நாட்களில் அவள் கட்டினாள், நான் அவிழ்த்தேன். முனைகள் இரண்டும் ஒரே நீளத்துக்கு வர ஆரம்பித்தன. நடுவில் திறந்திருந்த கண் சிறுத்துக்கொண்டே வந்தது. பல்லால் இழுப்பதை விட்டுவிட்டாள் என்பது நூலில் பல்தடம் இல்லாததிலிருந்து தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து யாரும் பார்க்காதபோது அமுக்குகிறாள் என்பதும் தெரியும். அதை நான் கேட்கவில்லை.

மார்கழி பிறந்து சில நாட்கள் இருக்கும். பனி இறங்கிய காலை. தக்காளியில் கடைசிக் காய்ப்பு, செடிகளுக்கு நடுவே சாமந்தி இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு செடியில் புது முடிச்சு. குனிந்து பார்த்தேன். தண்டுக்கு மூச்சு விடுகிற அளவு வளையம் தளர்வாக இருந்தது. முடிச்சு மட்டும் இறுகியிருந்தது. நகத்தை வைத்தேன். நுழையவில்லை. நூலைத் திருப்பிப் பார்த்தேன், எந்த முனை எதன் அடியில் போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முயன்றேன். பனியில் விரல் விறைத்தது. விடவில்லை. முப்பது வருஷத்தில் கற்ற அத்தனையையும் அந்த முடிச்சின் மேல் போட்டேன். அது அசையவில்லை.

சன்னலிலிருந்து குரல் வந்தது. "இன்னா, கத்திரி வேணுமா?"

"வேணாம்" என்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

உள்ளே போய்க் கோர்வைத் தறியின் மேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்தேன். இடப்பக்கப் பலகையைத் துடைத்தேன். அவளுடைய நாடாவில் நூல் ஏற்றி வைத்தேன். நான் கூப்பிடவில்லை. கம்பு தட்டும் சத்தம் கேட்டது, அவளே வந்து உட்கார்ந்தாள். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையை நீட்டி நாடாவை எடுத்தாள்.

முதல் இரண்டு தடவை நழுவியது. இந்தமுறை நான் சத்தம் போடவில்லை. மூன்றாவது தடவை வந்தது. அன்று சாயங்காலம்வரை நாங்கள் நெய்தது நாலு விரற்கடைதான் இருக்கும். அதற்குள் அவள் பக்கத்துக் கரையில் இரண்டு இழை அறுந்தது. இரண்டையும் அவளே முடிந்தாள். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.